கரண்ட் போன நேரத்தில் ஆங்கிலப் பேச்சு: வீட்டிலேயே ஒரு பயிற்சி

 

2012ல் நம் ஊரில் கரண்ட் ஒரு மணி நேரம் இருந்தால் அடுத்த மணி நேரம் இருக்காது. மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்போது இருக்கிற விளக்கு, தொழுது ஸலாம் கொடுக்கும் முன்பே அணைந்துவிடும். ஆனி, ஆடியில் காற்றாலைகள் நன்றாகச் சுற்றின, ஓரளவு சமாளித்தோம். காற்று நின்றதும் பழைய கதை திரும்பிவிட்டது. 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியாவில் மின் கட்டமைப்பே சரிந்து விழுந்தது. இரண்டாம் நாளில் மட்டும் 60 கோடிக்கும் அதிகமான மக்கள் மின்சாரம் இன்றி இருந்தார்கள். தென் மாநிலங்களின் கட்டமைப்பு அப்போது தனியாக இருந்ததால் அது நம்மைத் தொடவில்லை. ஆனால் நமக்கு அது ஒரு நாள் விபத்தாக வரவில்லை, அன்றாட வழக்கமாகவே ஆகியிருந்தது.

இதனால் அதிகம் நஷ்டப்பட்டது பிள்ளைகளின் படிப்பு. மதரஸா கூடத்தில் நம் டிரஸ்ட் நடத்தும் மாலை நேர வகுப்புக்கு வரும் பிள்ளைகள் ரமளானுக்குப் பிறகு பாதிக்கு மேல் குறைந்துவிட்டார்கள். ஜெனரேட்டர் வாங்கலாமா என்று நிர்வாகக் குழுவில் பேசினோம். 2012 செப்டம்பரில்தான் டீசல் லிட்டருக்கு 5 ரூபாய் ஏறியிருந்தது. ஸகாத் நிதி அதற்குரிய எட்டு வகையினருக்கே உரியது. அதை டீசலுக்குத் தொட முடியாது. பொது நன்கொடையில் எடுத்தால், கல்லூரிக்கு ஃபீஸ் கட்ட முடியாமல் நம்மிடம் விண்ணப்பித்திருக்கும் பெண் பிள்ளைகளின் உதவித்தொகையில் கை வைக்க வேண்டிவரும். ஆகவே ஜெனரேட்டர் வேண்டாம் என்று முடிவு செய்தோம். வேறு என்ன செய்யலாம் என்று யோசித்ததில் பிறந்ததுதான் இந்தக் கட்டுரை.

வாய் திறக்காத முதல் வகுப்பு

இதற்கு முன் ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். நம் டிரஸ்டின் உதவியோடு டிப்ளமா படித்த ஒரு தம்பி, முதல் வகுப்பில் தேறியவர், வளைகுடா வேலைக்கான இன்டர்வியூவுக்குச் சென்னை போய்விட்டு வந்தார். வேலை கிடைக்கவில்லை. ஒரு நாள் அஸருக்குப் பிறகு பள்ளிவாசல் திண்ணையில் எங்களோடு உட்கார்ந்தவர் சொன்னது இது:

“புக்கைப் பார்த்தா எல்லாம் புரியுது மாமா. அவங்க கேட்டதும் புரிஞ்சுது. பதிலும் தெரியும். வாய்தான் திறக்கலை.”

அவரிடம் கேட்ட முதல் கேள்வி, “டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்” என்பது. உன்னைப் பற்றிச் சொல் என்று பொருள். தன்னைப் பற்றித் தனக்குத் தெரியாதவர் யாரும் இல்லை. பன்னிரண்டு ஆண்டுகள் ஆங்கிலத்தை ஒரு பாடமாகப் படித்த பிள்ளைக்கு ஐந்து வாக்கியம் வரவில்லை. இதில் குற்றம் அவரிடம் மட்டும் இல்லை. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் அவர் ஆங்கிலத்தை எழுதினார், மனப்பாடம் செய்தார், தேர்வில் ஒப்பித்தார். பேசுவதற்கு அவருக்கு யாரும் ஒரு மணி நேரமாவது கொடுத்தோமா? வீட்டிலும் கொடுக்கவில்லை, நம் மாலை வகுப்பிலும் கொடுக்கவில்லை. உண்மையை ஒப்புக்கொள்கிறோம்.

எழுதவும் வாசிக்கவும் வெளிச்சம் வேண்டும். பேசுவதற்கு வேண்டியதில்லை. கரண்ட் போன அந்த ஒரு மணி நேரத்தில் புத்தகம் திறக்க முடியாது, டி.வி. ஓடாது, கம்ப்யூட்டர் இயங்காது. வீட்டில் எல்லோரும் முற்றத்திலோ மாடியிலோ காற்றுக்காக ஒன்றாக உட்கார்ந்திருக்கிறோம். வெளிச்சம் உள்ள நேரத்தில் இப்படி ஒரு கூட்டம் வீட்டில் கூடுவதே இல்லை. பேசிப் பழக இதைவிட நல்ல நேரம் எது?

இருட்டில் இன்னொரு வசதியும் உண்டு. பேசும்போது யார் சிரிக்கிறார்கள் என்று பிள்ளைக்குத் தெரிவதில்லை. முகத்தைப் பார்த்தால் நா எழாத பிள்ளைகள், முகம் தெரியாதபோது பேசிவிடுகிறார்கள்.

காதால் கற்ற சமுதாயம் நாம்

காதால் கேட்டு, வாயால் சொல்லி, நெஞ்சில் நிறுத்துவது நமக்குப் புதிது அல்ல. குர்ஆனை மனனம் செய்யும் பிள்ளைகள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். நம் ஊருக்குக் கரண்ட் வருமுன், மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் ஒரு சிம்னி விளக்கைச் சுற்றி உட்கார்ந்து ஓதியவர்கள்தான் நம் உம்மம்மாக்களும் பெத்தாப்பாக்களும். விளக்கில் எண்ணெய் தீர்ந்தாலும் ஓதல் நிற்காது என்று மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

பிற மொழி கற்பதும் நமக்கு விலக்கப்பட்டது அல்ல. நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களை யூதர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளச் சொன்னார்கள். அப்போது அவர் வயதில் இளையவர். அரை மாதத்துக்குள் அதைக் கற்றுத் தேர்ந்து, நபியவர்களுக்காகக் கடிதங்களை எழுதவும் வந்த கடிதங்களைப் படித்துச் சொல்லவும் செய்தார். திர்மிதியில் இது பதிவாகியிருக்கிறது. தேவை இருந்தது, கட்டளை இருந்தது, அவர் முனைந்தார், அல்லாஹ் எளிதாக்கினான்.

எகிப்தின் தாஹா ஹுஸைனை எடுத்துக்கொள்ளுங்கள். 1889ல் பிறந்தவர், சிறு வயதிலேயே பார்வையை இழந்தவர். கிராமத்து மக்தபில் காதால் கேட்டே குர்ஆனை மனனம் செய்தார். பிறகு அல்அஸ்ஹர். 1914ல் கெய்ரோ பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். பிரெஞ்சு கற்று, பிரான்ஸ் சென்று, அங்கேயும் ஒரு டாக்டர் பட்டம் பெற்றார். 1950ல் எகிப்தின் கல்வி அமைச்சரானார். அவருடைய சில கருத்துகளை உலமாக்கள் ஏற்கவில்லை, அது வேறு பேச்சு. வாழ்நாள் முழுவதும் வெளிச்சம் இல்லாத ஒருவர் இன்னொரு மொழியை இந்த அளவுக்குக் கற்றிருக்கிறார் என்பதுதான் இங்கே நாம் கவனிக்க வேண்டியது. நமக்கு ஒரு மணி நேரம்தான் இருட்டு.

ஓதத் தெரிந்த நாவுக்கு ஆங்கிலம் எளிது

பலருக்கும் தெரியாத ஒரு செய்தி. ஆங்கிலத்தில் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தடுமாற்றம் தரும் சில ஒலிகள், தஜ்வீதோடு ஓதும் நம் பிள்ளைகளின் நாவில் ஏற்கெனவே இருக்கின்றன.

‘தே’க்கு அடுத்து, மேலே மூன்று புள்ளி வைத்து வரும் எழுத்தை நினைத்துப் பாருங்கள். நாக்கு நுனியை மேற்பல் விளிம்பில் மெல்ல வைத்துக் காற்றை விட வேண்டும் என்று உஸ்தாத் சொல்லித் தருகிறார். ஆங்கிலத்தில் நினைப்பதைக் குறிக்கும் ‘திங்க்’, மூன்றைக் குறிக்கும் ‘த்ரீ’ ஆகிய சொற்களின் முதல் ஒலி அதுவேதான். ‘தால்’ எழுத்துக்கு மேல் ஒரு புள்ளி வைத்து வருவது, ‘திஸ்’, ‘தட்’, ‘மதர்’ என்ற சொற்களில் வரும் ஒலி. ‘ரே’க்கு மேல் புள்ளி வைத்த எழுத்தின் ஒலி, ‘ஸூ’, ‘ஸீரோ’ என்ற சொற்களின் முதலில் வருகிறது. ‘ஃபே’யைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ‘ஃபேன்’ என்பதை ‘பேன்’ என்று சொன்னால் மேலே சுற்றுவது தலைக்குள் வந்துவிடும்.

அரபு பேசுகிறவர்களுக்கு ஆங்கிலத்தில் வராத ஒலி ஒன்று உண்டு. பல், பால் என்று நாம் சொல்லும் ‘ப’ அவர்கள் மொழியில் இல்லை. நமக்கோ தாய்மொழியிலேயே இருக்கிறது. ஆனால் ஆங்கிலேயர் சொல்லின் முதலில் அதைச் சற்று மூச்சோடு சொல்வார்கள். அதைச் சோதிக்க மெழுகுவர்த்தியே போதும். வாய்க்குச் சற்றுத் தள்ளி வைத்து ‘பேப்பர்’ என்று சொல்லிப் பாருங்கள். தமிழ்முறையில் சொன்னால் சுடர் அசையாது. மூச்சோடு சொன்னால் சுடர் துள்ளும். ‘பால்’ என்று பந்தைச் சொல்லும்போது சுடர் அசையக்கூடாது. சிறு பிள்ளைகளுக்கு இது நல்ல விளையாட்டு. பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

‘வ’ ஒலியிலும் இரண்டு உண்டு. ‘வேன்’ என்ற வண்டியைச் சொல்லும்போது மேற்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். ‘வாட்டர்’ என்று தண்ணீரைச் சொல்லும்போது பல் தொடக்கூடாது, உதடு குவிய வேண்டும். இருட்டில் விரலை உதட்டில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

ஒரு நாளைக்குப் பத்துச் சொல்

சொற்களைச் சேர்ப்பதற்கு மதரஸாவில் நாம் படித்த முறையே போதும். ஹிஃப்ழு ஓதும் பிள்ளை தினமும் மூன்று ஓதுகிறது: இன்றைய புதுச் சபக், சென்ற சில நாட்களின் சபக், முன்பு முடித்த பழைய பகுதி. புதியதை மட்டும் ஓதினால் பழையது கைவிட்டுப் போகும் என்பது எல்லா உஸ்தாதுமாருக்கும் தெரியும். 1885ல் ஜெர்மனியைச் சேர்ந்த எபிங்ஹாஸ் என்ற அறிஞர் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து சோதித்து இதையே எழுதினார். கற்றதில் பெரும்பகுதி முதல் நாளிலேயே மறந்துவிடுகிறது, இடைவெளி விட்டுத் திருப்பிச் சொன்னால் நிலைக்கிறது என்று அவர் கண்டார்.

ஆகவே பகலில், வெளிச்சம் இருக்கும்போது, பிள்ளை ஒரு தாளில் பத்துச் சொல் எழுதி வைக்கட்டும். கரண்ட் போனதும் தாளை மடித்து வைத்துவிட்டு வாயால் சொல்லட்டும். முதலில் பழைய சொற்கள், பிறகு நேற்றையவை, கடைசியில் இன்றைய பத்து.

எந்தச் சொற்களை எடுப்பது? கைக்கு எட்டும் பொருள்களிலிருந்து தொடங்குங்கள். ஒரு துணிப்பையில் தேங்காய்ச் சிரட்டை, பூட்டு, பஞ்சு, எலுமிச்சம்பழம், கரண்டி என்று ஐந்தாறு பொருளைப் போட்டுப் பிள்ளையிடம் கொடுங்கள். கையை விட்டுத் தடவிப் பார்த்து ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். மெதுவானது ‘சாஃப்ட்’, கடினமானது ‘ஹார்ட்’, வழவழப்பு ‘ஸ்மூத்’, சொரசொரப்பு ‘ரஃப்’, உருண்டை ‘ரவுண்ட்’, குளிர்ச்சி ‘கோல்ட்’. பிறகு பொருளின் பெயர். வெளிச்சத்தில் இந்த விளையாட்டு நடக்காது.

பெரிய பிள்ளைகளுக்கு இன்னொன்று. ஆங்கிலத்துக்குள் இருக்கும் அரபுச் சொற்களைத் தேடச் சொல்லுங்கள். சுக்கர் ‘ஷுகர்’ ஆனது. குத்ன் ‘காட்டன்’ ஆனது. கஹ்வா ‘காஃபி’ ஆனது. ஸிஃப்ர் என்ற பூஜ்யம் ‘ஸீரோ’ ஆனது. அல்ஜப்ர் ‘அல்ஜீப்ரா’ ஆனது. அந்த நூலை எழுதிய அல்குவாரிஸ்மியின் பெயர்தான் கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகள் சொல்லும் ‘அல்காரிதம்’. மஸ்ஜிதுந் நபவியில் ஏழைத் தோழர்கள் தங்கிய திண்ணைக்கு ‘ஸுஃப்ஃபா’ என்று பெயர். நம் வீட்டு ‘ஸோஃபா’ அந்தச் சொல்லிலிருந்து வந்ததே. மின் கட்டணத்துக்கு ஆங்கிலத்தில் ‘டாரிஃப்’ என்கிறார்கள். அதுவும் ‘தஃரீஃப்’ என்ற அரபுச் சொல்தான். நம் கடற்கரை தந்த சொல்லும் உண்டு: கட்டுமரம் அங்கே ‘கேட்டமரான்’ ஆகிவிட்டது. சொல்லின் ஊர் தெரிந்தால் சொல் மறப்பதில்லை. இது அந்நிய மொழி, நமக்கு வராது என்ற பயமும் குறைகிறது.

கரண்ட் போனதையே பாடமாக்குங்கள்

சொற்கள் மட்டும் பேச்சு ஆகாது. வாக்கியம் வேண்டும். தமிழ் வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில் வரும். “நான் விளக்கை ஏற்றினேன்” என்கிறோம். ஆங்கிலத்தில் அது நடுவில் வரும்: “ஐ லிட் தி லேம்ப்.” யார், என்ன செய்தார், எதை, என்ற வரிசை. இந்த ஒன்றை நாவுக்குப் பழக்கினாலே பாதித் தடுமாற்றம் போய்விடும்.

“இது தீப்பெட்டி” என்ற தமிழ் வாக்கியத்தில் வினைச்சொல்லே இல்லை. ஆங்கிலத்தில் ‘இஸ்’ இல்லாமல் முடியாது. “திஸ் இஸ் எ மேட்ச் பாக்ஸ்” என்றே சொல்ல வேண்டும். “எனக்குப் பசிக்கிறது” என்பதை அப்படியே ‘டு மீ’ என்று தொடங்கக்கூடாது, “ஐ ஆம் ஹங்ரி” என்று தன்னை முதலில் வைத்துச் சொல்ல வேண்டும். அதேபோல் தமிழில் ‘பெட்டியில்’ என்ற ஒரே சொல் பல வேலை செய்யும். ஆங்கிலத்தில் உள்ளே என்றால் ‘இன்’, மேலே என்றால் ‘ஆன்’, அடியில் என்றால் ‘அண்டர்’. தீப்பெட்டியை இடம் மாற்றி வைத்து, பிள்ளை கையால் துழாவிக் கண்டுபிடித்து, எங்கே இருந்தது என்று சொல்லட்டும்.

தினமும் வீட்டில் கேட்கும் பேச்சையே எடுத்துக்கொள்ளுங்கள்.

“கரண்ட் போய்விட்டது” என்பதற்கு நம் பிள்ளைகள் ‘கரண்ட் கான்’ என்கிறார்கள். இங்கே புரியும், வெளிநாட்டில் புரியாது. “தேர் இஸ் எ பவர் கட்” என்று சொல்லப் பழகட்டும். “எப்போது வரும்?” என்பதற்கு “வென் வில் இட் கம் பேக்?” தீப்பெட்டி எங்கே என்று கேட்க “வேர் இஸ் தி மேட்ச் பாக்ஸ்?” அலமாரித் தட்டில் இருக்கிறது என்று சொல்ல “இட் இஸ் ஆன் தி ஷெல்ஃப்.” ஒன்றும் தெரியவில்லை என்றால் “ஐ காண்ட் ஸீ எனிதிங்.” கொசு கடிக்கிறது என்றால் “தி மஸ்கிட்டோஸ் ஆர் பைட்டிங் மீ.” கடைசியில் கரண்ட் வந்ததும் எல்லோரும் சேர்ந்து சொல்ல “தி பவர் இஸ் பேக்!”

இந்த ஏழு வாக்கியத்தில் கேள்வி, பதில், நிகழ்காலம், எதிர்காலம் எல்லாம் வந்துவிட்டன. தினமும் நடப்பதால் தினமும் சொல்லலாம். ஒரு வாரத்தில் நாவில் ஒட்டிக்கொள்ளும்.

பிறகு உரையாடலுக்குப் போகலாம். ஒருவர் கடைக்காரர், ஒருவர் வாடிக்கையாளர். ஒருவர் டாக்டர், ஒருவர் காய்ச்சல்காரர். ஒருவர் ரயில் நிலையத்தில் டிக்கெட் கேட்கிறார். வேலைக்குப் போகும் வயதுப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஒருவர் இன்டர்வியூ எடுப்பவராக இருக்கட்டும். அந்தத் தம்பிக்கு வராமல் போன ஐந்து வாக்கியங்களை நாங்கள் இப்படி வகுத்துத் தந்திருக்கிறோம்: என் பெயர், என் ஊர், என் படிப்பு, எனக்குத் தெரிந்த வேலை, இந்த வேலையை நான் விரும்பும் காரணம். ஒவ்வொன்றும் ஒரே வாக்கியம். அவர் இப்போது தினமும் இரவில் தங்கையிடம் இதைச் சொல்லிப் பழகுகிறார். அடுத்த இன்டர்வியூவுக்கு இன்னும் அழைப்பு வரவில்லை. ஆனால் “மூச்சு வாங்காமல் சொல்லிடுறேன் மாமா” என்று சென்ற ஜும்ஆவில் சொன்னார். துஆ செய்யுங்கள்.

ஆங்கிலம் தெரியாத உம்மாவும் நடத்தலாம்

“எங்களுக்கே இங்கிலீஷ் தெரியாதே, பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது?” என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். நீங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. கேட்டால் போதும். உம்மா தமிழில் கேட்கட்டும், பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொல்லட்டும். “இன்னைக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?” என்று நீங்கள் கேட்கிறீர்கள். பிள்ளை ஆங்கிலத்தில் சொன்ன பிறகு, “அதுக்கு என்ன அர்த்தம்?” என்று கேளுங்கள். பிள்ளை தமிழில் விளக்கும்போது தான் சொன்னதை இன்னொரு முறை எண்ணிப் பார்க்கும். தவறாகச் சொன்னதைப் பல நேரம் தானே கண்டுகொள்ளும்.

இதில் நீங்களும் கற்றுக்கொள்வீர்கள். ஒரு வீட்டில் எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளை தன் உம்மம்மாவுக்கு ஆங்கிலத்தில் எண்ணச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். எழுபது வயதைக் கடந்த அந்தத் தாய் இப்போது பால்காரரிடம் ‘டூ பாக்கெட்ஸ்’ என்று கேட்டுச் சிரிக்கிறாராம். பாட்டிக்குச் சொல்லிக் கொடுத்ததில் பேத்தியின் கூச்சம் போய்விட்டது என்று அவளுடைய உம்மா எங்களிடம் சொன்னார்.

பேசும் நடுவில் திருத்தாதீர்கள். தவறோ சரியோ, வாக்கியம் முடியட்டும். சந்தேகமான வாக்கியங்களை நினைவில் வைத்து, மறுநாள் காலை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு மதரஸா கூடத்தில் நம் வகுப்பு ஆசிரியர்கள் அந்த நோட்டைப் பார்த்துத் திருத்தித் தருவார்கள். பெண் பிள்ளைகளின் நோட்டுகளை நம் ஆசிரியை பார்ப்பார்.

பேட்டரி ரேடியோ இருக்கும் வீட்டார் இரவில் வானொலியின் ஆங்கிலச் செய்தியைக் கேளுங்கள். எல்லாம் புரிய வேண்டியதில்லை. தெரிந்த சொல் எத்தனை வந்தது என்று பிள்ளைகள் விரல் விட்டு எண்ணட்டும்.

எவ்வளவு நேரம்?

ஒரு மணி நேரமும் இதற்கே என்றால் பிள்ளை சலித்துவிடும். அரை மணி நேரம் போதும். முதல் 5 நிமிடம் பழைய சொற்கள், அடுத்த 10 நிமிடம் புதுச் சொற்கள், மீதி 15 நிமிடம் வாக்கியமும் உரையாடலும். மற்ற அரை மணி நேரம் ஓதலுக்கும் குடும்பப் பேச்சுக்கும் இருக்கட்டும். மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையிலான குர்ஆன் ஓதலை இதற்காக விட்டுவிட வேண்டாம். அதை முடித்த பிறகே இது.

முதலில் நாங்களும் ஒரு தவறு செய்தோம். கரண்ட் போன நேரத்தில் மதரஸா கூடத்திலேயே எல்லாப் பையன்களையும் உட்கார வைத்துப் பேச்சுப் பயிற்சி நடத்திப் பார்த்தோம். நாலு நாள் தாங்கவில்லை. இருட்டில் கூச்சலும் கேலியும்தான் மிஞ்சின. பத்திருபது பேர் சேர்ந்தால் இது நடக்காது. மூன்று, நான்கு பேர் இருக்கும் வீட்டில்தான் நடக்கும். அதனால்தான் வீட்டுக்கு அனுப்புகிறோம்.

சில எச்சரிக்கைகள்

மெழுகுவர்த்தியைத் தட்டில் வைத்து, தரையிலிருந்து உயரத்தில், திரைச்சீலைக்கும் தாவணி, துப்பட்டாவுக்கும் எட்டாமல் வையுங்கள். பிள்ளைகளைத் தனியே விட்டுவிட்டுச் சமையலறைக்குப் போகாதீர்கள். மண்ணெண்ணெய் விளக்கை எரியும்போது நிரப்பாதீர்கள். தூங்கப் போகுமுன் தீயை அணைத்துவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பேச்சுக்கு வெளிச்சமே வேண்டியதில்லை என்பதால், சுடர் விளையாட்டு முடிந்ததும் அணைத்துவிடுவதே நல்லது. செல்போன் டார்ச்சையும் அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளையின் ஆங்கிலத்தைக் கேலி செய்யாதீர்கள். முக்கியமாக அண்ணன்மார், காக்காமார் இதைக் கவனிக்க வேண்டும். ஒரு சிரிப்பு ஒரு வருடத்துக்கு வாயை அடைத்துவிடும். அதேபோல் ஆங்கிலம் வந்த பிள்ளை தமிழைத் தாழ்வாக நினைக்கவும் இடம் கொடுக்காதீர்கள். அரபியை ஓதலுக்கும் தமிழை வாழ்வுக்கும் வைத்து வளர்ந்தவர்கள் நாம். அவற்றோடு ஆங்கிலமும் சேரட்டும், எதையும் தள்ளிவிட்டு வர வேண்டாம்.

இப்படி எழுதுவதால் மின்வெட்டை நாங்கள் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறோம் என்று யாரும் எண்ண வேண்டாம். தேர்வு நேரத்தில் மாலை 6 முதல் 9 வரையாவது மின்சாரம் தர வேண்டும் என்று கேட்டு நம் ஜமாஅத் சார்பில் மனு தயாராகிறது. வரும் வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் கையெழுத்து வாங்குவோம். மனு போகட்டும். பதில் வரும்வரை பிள்ளைகளின் மாலைப் பொழுது வீணாக வேண்டாம்.

உங்களிடம் கேட்பது

சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளில் பல ஆண்டு இருந்துவிட்டு ஊர் திரும்பிய சகோதரர்கள் நம் ஜமாஅத்தில் பலர். ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் இருக்கிறார்கள். நீங்கள் பேசும் ஆங்கிலத்தில் இலக்கணப் பிழை இருக்கலாம். ஆனால் அதை வைத்து அங்கே வேலை பார்த்தீர்கள், மேலதிகாரியிடம் பேசினீர்கள், குடும்பத்தைக் காப்பாற்றினீர்கள். நம் பிள்ளைகளுக்கு இல்லாமல் போன துணிச்சல் உங்களிடம் இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள், கரண்ட் போன ஒரு மணி நேரம், உங்கள் தெருவில் இரண்டு, மூன்று பிள்ளைகளோடு திண்ணையில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருங்கள். காசு வேண்டாம், நேரம்தான் கேட்கிறோம். பயனளிக்கும் கல்வி, மனிதர் மறைந்த பிறகும் நன்மை தந்துகொண்டே இருக்கும் என்பது நபிமொழி.

விருப்பமுள்ளவர்கள் டிரஸ்ட் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். முதல் மாதத்துக்கான சொற்பட்டியல் அலுவலகத்தில் இலவசமாகக் கிடைக்கும். நோட்டு வாங்க இயலாத பிள்ளைகளுக்கு நோட்டும் தருகிறோம்.

இன்று மஃரிபுக்குப் பிறகு கரண்ட் போகும்போது, மெழுகுவர்த்தியைத் தேடுமுன் பிள்ளையிடம் கேளுங்கள்: இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வாய்?

பயனுள்ள கல்வியை அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குத் தந்தருள்வானாக, ஆமீன். வஸ்ஸலாம்.

செயலாளர்,
நிர்வாகக் குழுவினர் சார்பாக.